வசிக்கும் இடம்

"அவன் சொந்தக்காரங்க ஏன் மிஸ் அப்படிச் சொன்னாங்க?"

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். செவ்வந்தி சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். கரும்பலகையில் வெதர்லி என்று எழுதியிருந்தது. அதன் கீழே 1312.

வெதர்லி இங்கிலாந்தில் ஒரு மேனர். பிரபுவின் நிலம், பிரபுவின் மாவு ஆலை, பிரபுவின் வழக்குமன்றம். அங்கே ஹியூ என்று ஒருவன். தான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு அரசரின் நீதிமன்றத்துக்குப் போனான். இவன் என் ஆள் என்றார் பிரபு. அதை நிரூபிக்க அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஹியூ தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அவனுடைய ரத்த உறவுகள் வந்து, நாங்கள் பிரபுவின் ஆட்கள் என்று சொல்ல வேண்டும். ஹியூ ஒப்புக்கொள்ளவில்லை. பிரபு அவனுடைய சித்தப்பா மகன்கள் இருவரைக் கூட்டி வந்தார். அவர்கள் சொன்னார்கள். வழக்கு முடிந்தது.

"பிரபு எதிர்ல நின்னுக்கிட்டு இருந்தாரு" என்றாள் செவ்வந்தி. பிறகு, "இது பரீட்சைக்கு வராது."

கும்பகோணத்தில் பெண்கள் கல்லூரியில் அவளுக்கு இது இரண்டாவது வருடம். டியூட்டர் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. பாடம் தமிழில் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. தமிழ்ப் பாடநூலில் மேனருக்குப் பண்ணை என்றும், அதில் கட்டுண்டவனுக்குப் பண்ணையாள் என்றும் அச்சிட்டிருந்தார்கள். வகுப்பில் அவள் அந்தச் சொற்களைச் சொல்வதில்லை. மேனர் என்றும் வில்லெயின் என்றும்தான் சொல்வாள். வில்லெயின் என்றதும் மாணவிகள் சினிமா வில்லனை நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

அவள் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்ததும் வெதர்லியின் வரலாறுதான். மேற்பார்வைப் பேராசிரியர் முதல் நாளே கேட்டார். தஞ்சாவூர் ஜில்லாப் பெண், அங்கேயே நூறு பண்ணை இருக்கிறது, இங்கிலாந்துக்கு ஏன் போகிறாய் என்று. ஆவணங்கள் அச்சில் கிடைக்கின்றன சார் என்றாள். அது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. வெதர்லியில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது கல்லூரி வாசலில் அந்தோணிமுத்து சைக்கிளுடன் நின்றிருந்தார். மணிக்குறிச்சி விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா. காவலாளி அவரை உள்ளே விடவில்லை.

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு உங்க தெருவுல விசாரணையாம். டெபுடி தாசில்தார் நேரா வர்றாரு. லீவு போட்டுட்டு வந்துடுங்க."

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். தலைய ஆட்டுனாரு. அதான் பயமா இருக்கு. இராஜாங்கம் அண்ணனும் தலைய ஆட்டுனவருதான்."

சட்டம் போன வருடம் வந்திருந்தது. 1971 ஜூன் பத்தொன்பதாம் தேதி எந்த விவசாயத் தொழிலாளி எந்தக் குடிசையில் குடியிருந்தானோ, மிராசுதாரின் நிலமாக இருந்தாலும் அந்த மனை அவனுக்கே சொந்தம். அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். கேள்விகள் அதிகம் இல்லை. இது யார் வீடு? எத்தனை வருடமாக இருக்கிறாய்? அன்றைக்கு இங்கேதான் இருந்தாயா?

போன வாரம் கீழத்தெருவில் விசாரணை. முதல் ஆளாக இராஜாங்கத்தைக் கூப்பிட்டார்கள். எதிரே, பத்தடியில், பெரிய வீட்டுக் காரியஸ்தர் ரெத்தினம் பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். இது யார் வீடு என்று அதிகாரி கேட்டதும் இராஜாங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "ஆண்டை வூடுங்க. நாங்க அண்டிக் கெடக்கறோம்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். கைநாட்டு வாங்கினார். சாயங்காலம் இராஜாங்கம் அந்தோணிமுத்துவிடம் வந்து, "ஏம்ப்பா, நான் மரியாதையாத்தான சொன்னேன்?" என்று கேட்டாராம்.

"சட்டம் வந்தா போதும்னு நெனச்சேன்" என்றார் அந்தோணிமுத்து. "வாய்க்குள்ள இருக்கறத மாத்த சட்டம் ஏதாச்சும் இருக்கா டீச்சர்?"

சைக்கிளில் ஏறிப் போனார். அவர் போன பிறகும் செவ்வந்தி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஒரே ஒரு வாக்கியம். வியாழக்கிழமைக்குள் அப்பா அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை மாலை திருப்பனந்தாளில் பஸ் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தாள். வாய்க்காலில் தண்ணீர் கரை முட்டப் போனது. இரண்டு பக்கமும் குறுவை நடவு முடிந்தும் முடியாமலும் இருந்தது. நட்ட வயல்கள் எல்லாம் பிரகதாம்பாளுடையவை. நடாதவையும் அவருடையவைதான். கணவர் இறந்து பதினைந்து வருடமாக அந்த அம்மாள்தான் மிராசு பார்க்கிறார். கும்பகோணத்தில் ஒரு வீடு, ஊரில் பெரிய வீடு. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். செவ்வந்தி பள்ளிக்கூட இறுதி வகுப்பில் தேறியபோது கூப்பிட்டனுப்பி ஒரு பேனா கொடுத்தார். கொல்லைப் பக்கம் வரச்சொல்லித்தான் கொடுத்தார். நல்ல பேனா. இன்னும் எழுதுகிறது.

வீட்டின் பின்னால் அம்மா அம்சம் வயல் நண்டுகளின் காலை ஒடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுசாமி முழங்கால்வரை சேற்றுடன் வந்து வாசலில் குந்தினார். மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"சம்பளம் புடிப்பாங்களா லீவுக்கு?"

"புடிக்கமாட்டாங்க. அப்பா, நாளைக்கு அதிகாரி கேப்பாரு. இது யார் வூடுன்னு. என்னா சொல்லுவ?"

"அதான் அந்தோணி சொல்லிட்டானே."

"என்கிட்ட சொல்லு."

கண்ணுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்க..." என்றார். நிறுத்தினார். "அவுரு நிப்பாரா அங்க?"

"யாரு?"

"ரெத்தினம் பிள்ளை."

"நிப்பாரு. நிக்கட்டும்."

"நிக்கட்டுங்கறா" என்று கண்ணுசாமி பின்பக்கம் பார்த்துச் சொன்னார்.

அம்சம் நண்டுச் சட்டியோடு வந்தாள். "முப்பது வருசமாக் குடும்பம் நடத்தற. என்னைய எம் பொண்டாட்டின்னு ஒரு ஆளுகிட்ட சொல்லியிருப்பியா நீ? வூட்டுல, வூட்டுலன்னு சொல்லுவ. இப்ப வூட்டயே சொல்லச் சொன்னா அதுக்கும் நாக்கு பொரளமாட்டேங்குது. என்னா ஆம்பளையோ."

கண்ணுசாமி வாய்விட்டுச் சிரித்தார். செவ்வந்தியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொல்லிடலாம் தாயி. மறுநா ஏருக்குக் கூப்புடமாட்டாங்க. நாத்துக்கட்டு தூக்கக்கூடக் கூப்புடமாட்டாங்க. வெளியூரு ஆள எறக்கிடுவாங்க."

"என் சம்பளம் வருதுல்ல?"

"அது ஒன்னுது."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. செவ்வந்தி விடவில்லை. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். எங்க வூடுங்க. எங்க அப்பன் காலத்துலேருந்து இருக்கோம். அன்னிக்கு இங்கதான் இருந்தோம். கண்ணுசாமி ஒப்பிப்பதுபோலச் சொன்னார். இரண்டாவது வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் தெளிவாக வந்தன. முதல் வாக்கியத்தில் மட்டும் குரல் உள்ளே போயிற்று. ஏழாவது தடவை சரியாகச் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னார். அங்கே நாளை சுவர் இருக்காது என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள்.

சோறு ஆனதும் அம்சம் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வாசற்படி ஓரம் வைத்தாள். மூன்றரை வருடமாக, கிழக்கே நாகப்பட்டினம் தாலுகாவில் அந்தக் குடிசை எரிப்பு நடந்த பிறகு, தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். இரண்டு குடம் தண்ணீரால் கூரைத் தீ அணையாது என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் சொல்வதில்லை.

செவ்வந்தி பாயில் உட்கார்ந்து அந்த ஜூன் பத்தொன்பதை நினைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை. எம்.ஏ. முடித்துவிட்டு ஊரில் இருந்தாள். மூன்று பேரும் இதே வீட்டில்தான் இருந்தார்கள். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வீட்டில் இருந்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்து பெஞ்ச் ஒன்றைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டார்கள். பெரிய வீட்டிலிருந்து நாற்காலி தருவதாகச் சொன்னார்களாம். டெபுடி தாசில்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இது நல்ல சகுனம் என்று அந்தோணிமுத்து காதோடு சொன்னார். டெபுடி தாசில்தாருக்கு நாற்பது வயது இருக்கும். ஜலதோஷம் பிடித்திருந்தது. பக்கத்தில் கர்ணம், சர்வேயர், எழுதுவதற்கு ஒரு கிளார்க். தெரு முழுவதும் கூடி நின்றது. ரெத்தினம் பிள்ளை தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். செவ்வந்தியைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார். அவளை நீ என்பதா நீங்க என்பதா என்று அவருக்கு ஒரு வருடமாகவே குழப்பம்.

"காலேஜு லீவா?" என்றார்.

"லீவு போட்டிருக்கேன்."

பிறகு தெருமுனையில் ஒரு சலசலப்பு. பிரகதாம்பாள் வந்துகொண்டிருந்தார். நடந்து. பின்னால் ஒருத்தி குடை பிடித்திருந்தாள். அந்த அம்மாள் இந்தத் தெருவுக்குள் வந்ததை யாரும் பார்த்ததில்லை. நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்தினார்கள். அந்தோணிமுத்துவும் சைக்கிளை ஓரமாக நகர்த்தினார். பெரிய வீட்டிலிருந்து நாற்காலி எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அவர் உட்கார்ந்தார்.

"அம்சம், கால்வலி எப்படி இருக்கு?"

"இப்பத் தேவலைங்க, ஆண்டம்மா."

"தைலம் தரேன். வந்து வாங்கிக்கோ."

செவ்வந்தி அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கை தோள் துண்டுக்குப் போயிருந்தது.

முதல் பெயரே அவருடையதுதான். கண்ணுசாமி முன்னால் போய் நின்றார். நாற்காலிக்கும் பெஞ்சுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் முதுகு காட்டாமல், ஒருக்களித்து நின்றார். டெபுடி தாசில்தார் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது யார் வீடு?"

 கண்ணுசாமியின் துண்டு தோளிலிருந்து இறங்கிக் கைக்கு வந்தது.  அவர் பிரகதாம்பாளைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார்.

"நாங்க இருக்கற வூடுங்க."

"அது தெரியுது. யாரோடது?"

வாய்க்காலில் யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது.

"எங்க அப்பன் கட்டுனதுங்க" என்றார் கண்ணுசாமி. "மண்ணு மெதிச்சப்ப நான் கூட நின்னேன். எனக்கு இவ்ளோ ஒசரம் இருக்கும்." துண்டு பிடித்த கையைத் தொடைக்கு நேராகக் காட்டினார்.

"போன வருஷம் ஜூன் பத்தொம்பது?"

"இங்கதாங்க. வேற எங்க போறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டெபுடி தாசில்தார் தலையசைத்தார். கிளார்க் எழுதினார். அந்தோணிமுத்து சிவப்புப் பேனாவைப் பையிலிருந்து எடுத்து மறுபடி சொருகினார். செவ்வந்திக்குக் கண் கலங்கியது. அப்பா ஒத்திகை பார்த்ததைச் சொல்லவில்லை. அதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டார். துண்டையும் இடுப்பில் கட்டவில்லை.

"சார், ஒரு காகிதம் இருக்கு" என்றார் ரெத்தினம் பிள்ளை.

தோல் பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். கார்பன் நகல். நீல எழுத்து. தூரத்திலிருந்தே செவ்வந்திக்கு அது தெரிந்துவிட்டது.

"இது கண்ணுசாமி பொண்ணு வேலைக்குப் போட்ட அப்ளிகேஷன். எங்க பண்ணை ஆபீஸ் மெஷின்லதான் அடிச்சது. தேதி பாருங்க. இருபத்தொண்ணு ஆறு எழுபத்தொண்ணு. ரெண்டே நாள் வித்தியாசம். அந்தச் சமயம் குடும்பமே பெரிய வீட்டுக் கொல்லைக் கொட்டில்லதான் தங்கியிருந்தது. அம்மா எடம் கொடுத்திருந்தாங்க. இங்க வைக்கோல் போட்டு வச்சிருந்தோம்."

"வைக்கோலா?" என்றாள் அம்சம். "எந்தக் கண்ணு பாத்துச்சு?"

"காகிதம் சொல்லுது, நான் சொல்லல."

டெபுடி தாசில்தார் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். "கே. செவ்வந்தி யாரு?"

அவள் முன்னால் போனாள். தாளை அவளிடம் நீட்டினார். பதினேழு வரிசைகள். எட்டாவது, தபால் விலாசம்: மேற்பார்வை பிரகதாம்பாள் அம்மாள் அவர்கள், பெரிய வீடு, மேலத்தெரு, மணிக்குறிச்சி. ஒன்பதாவது, தற்போது வசிக்கும் இடம். அதற்கு எதிரே ஒரே சொல். மேற்படி.

கடைசியில் அவளுடைய கையெழுத்து.

"உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்." தாளிலிருந்து நிமிர்ந்தாள். "எங்க தெருவுக்குத் தபால்காரர் வரமாட்டாரு. எல்லார் கடுதாசியும் பெரிய வீட்டுலதான் போடுவாரு. எல்லாரும் அந்த விலாசம்தான் கொடுப்போம். யாரை வேணா கேளுங்க."

"எட்டாவதுக்கு அது சரி. நான் ஒம்பதாவதைக் கேக்கறேன்."

அவள் மேற்படி என்ற சொல்லைப் பார்த்தாள். அந்த அறை ஞாபகம் வந்தது. பண்ணை ஆபீசில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் ரெத்தினம் பிள்ளை, ஜன்னலுக்கு வெளியே நின்று அவள். அவர் வரிசை வரிசையாகப் படித்துக் கேட்டார். அவள் சொன்னாள். ஒன்பதாவதில் அவர் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். இதுக்கு என்ன போடறது? தெருவின் பெயர் அவள் வாய்வரை வந்தது. அந்தப் பெயரைப் படித்தால் எல்லாம் தெரிந்துவிடும். சென்னையில் ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து இந்தத் தாளைப் படிப்பதை நினைத்தாள். சாதிச் சான்றிதழ் தனியாக இணைத்திருந்தது. அவர்களுக்கு எப்படியும் தெரியும். இருந்தும் அந்த ஒரு வரிக்கு, தன் வாயால், அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. மேற்படின்னு போடுங்க என்றாள். ரெத்தினம் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடித்தார். நகலை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஒரு வாரமாக அப்பாவின் வாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் யோசிக்கவில்லை.

"அது உண்மையில்ல சார்" என்றாள்.

"எது?"

"ஒம்பதாவது."

டெபுடி தாசில்தார் கிளார்க்கின் கையைத் தொட்டு எழுதுவதை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா. கீழே உறுதிமொழி இருக்கு. மேலே கண்ட விவரங்கள் உண்மைன்னு. அதுக்கு அடியில கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப அது பொய்னு எழுதிக் கொடுத்தா இந்தக் கட்டுல இருக்கும். யாராவது நகல் வாங்கி உங்க டைரக்டர் ஆபீசுக்கு அனுப்பினா நான் தடுக்க முடியாது. வேலை ரெகுலர் ஆயிடுச்சா?"

"இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

 பிரகதாம்பாள் குடைக்காரியிடம் ஏதோ சொன்னார். அவள் குடையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். செவ்வந்தியின் சம்பளத்தில்தான் போன தையில் கூரை மேய்ந்தார்கள். அந்தச் சம்பளம் போனால் அப்பா மறுபடி பெரிய வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். வீடு போனாலும் அங்கேதான் நிற்க வேண்டும். அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒன்பதாவது வரியில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை.

"எழுதிக்குங்க சார்."

"காரணம் கேப்பாங்க." டெபுடி தாசில்தார் தும்மினார். "தபால்காரர் வரமாட்டார், அதனால ரெண்டுக்கும் ஒரே விலாசம் போட்டேன்னு எழுதிக்கலாமா?"

அவர் உதவத்தான் பார்த்தார். அவள் சரி என்றால் போதும். பாதி உண்மைதான். ரெத்தினம் பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "டீச்சர், அன்னிக்கு நான் இதுக்கு என்ன போடறதுன்னு தனியாக் கேட்டேன்ல? நீங்கதான் சொன்னீங்க."

நீங்க என்றார்.

"ஆமா, கேட்டார்" என்றாள் செவ்வந்தி. "தெருப் பேரை எழுத எனக்குக் கூச்சமா இருந்துச்சு சார். அதனால மாத்திப் போட்டேன். அப்படியே எழுதிக்குங்க."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். பேனா காகிதத்தில் போகும் சத்தம் கேட்டது. இந்தத் தெருவில் பிறந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். இராஜாங்கமும் கீழத்தெருவிலிருந்து வந்து ஓரமாக நின்றிருந்தார். கிளார்க் எழுதியதை உரக்கப் படித்தார். விதி அப்படி. அவள் கையெழுத்துப் போட்டாள்.

டெபுடி தாசில்தார் எழுந்து குனிந்து வீட்டுக்குள் போனார். அடுப்பைப் பார்த்தார். சுவரில் கரி படிந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். கொல்லையைச் சுற்றி வந்தார். சர்வேயர் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே வந்து, "உத்தரவு அப்புறம் வரும்" என்றார். எந்தப் பக்கம் என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பிரகதாம்பாள் கிளம்பும்போது செவ்வந்தியின் அருகில் நின்றார்.

"எனக்கு அந்தக் காகிதம் விஷயமே தெரியாதும்மா. ரெத்தினம் பாட்டுக்குக் கொண்டாந்துட்டான்." அவள் முகத்தைக் கனிவாகப் பார்த்தார். "மத்தியானம் கும்பகோணம்தான் போறேன். கார்ல வாயேன், காலேஜ்ல எறக்கி விடறேன்."

"இல்லைங்க. நாளைக்குப் போறேன்."

"சரி. பாத்துப் போ."

மதியச் சோற்றின்போது அம்சம்தான் முதலில் பேசினாள். "பெரிய வூட்டுல பொறந்தவன்னு நெனச்சிருப்பாங்க மெட்ராசுல. பரவால்ல. எனக்கும் ஒரு வருசம் பெரிய வூட்டு அம்மாளா இருந்த பெருமை." யாரும் சிரிக்கவில்லை. அவள் மகளின் தட்டில் இன்னும் ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள். செவ்வந்தி அப்பாவைப் பார்த்து, "அப்பா, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"சாப்புடு" என்றார் கண்ணுசாமி.

மூன்று மணிக்கு, மறுநாள் நடவுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. ரெத்தினம் பிள்ளையின் ஆள் தெருவோடு போனான். ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் சொன்னான். இந்த வாசலில் நிற்கவில்லை. கண்ணுசாமி அது தாண்டிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது தோளில் பூவரசம் போத்துகள் இருந்தன. ஆளுயரத்துக்கு நறுக்கியவை. நுனியில் இரண்டிரண்டு இலைகள்.

அந்தத் தெருவில் யாருக்கும் வேலி கிடையாது. வேலி வைக்கும் வழக்கமே இல்லை.

செவ்வந்தி வெளியே வந்தாள். கண்ணுசாமி கடப்பாரையுடன் வீட்டின் தென்மூலையில் நின்றிருந்தார்.

"எது வரைக்கும் தாயி?"

"கல்லு ஊணலையே இன்னும். உத்தரவு வரட்டும்ப்பா."

"வரட்டும். எது வரைக்கும்னு சட்டத்துல இருக்கு?"

"வூடும், அதைச் சுத்தி நாம புழங்கற எடமும். கொல்லையில அந்த முருங்கை வரைக்கும் நம்ம புழக்கம்தான்."

"முருங்கை வரைக்குமா" என்றார். முருங்கையைப் பார்த்தார். அது இருபதடி தள்ளி இருந்தது.

கடப்பாரையைக் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்திலேயே ஊன்றினார். சுவரிலிருந்து ஒன்றரை அடி. போத்தைச் செருகி மண்ணை மிதித்தார். சுவருக்கும் போத்துக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். தள்ளி நின்று பார்த்தார். பெரிய வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு போத்தைப் பிடுங்கினார். இரண்டு அடி வெளியே வந்து மறுபடி குத்தினார். செருகினார். மிதித்தார். பார்த்தார்.

"அங்க போதும்ப்பா" என்றாள் செவ்வந்தி.

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அதையும் பிடுங்கினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் இந்த மண்ணில் முழம் ஆழம் தோண்டினாலே ஊற்றெடுக்கும். முதல் குழி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. இரண்டாவதில் இப்போதுதான் ஊறத் தொடங்கியது. கண்ணுசாமி ஒரு கையில் கடப்பாரையும் மறு கையில் போத்துமாக, முருங்கையைப் பார்த்தபடி, இன்னும் ஒரு அடி எடுத்து வைத்து நின்றார்.